அசையாத சாளரம்

திரைக்கலை பயிலும் மாணவர்க்கு ஆசிரியர் இடும் பயிற்சிகளுள் ஒன்று, புகழ்பெற்ற படமொன்றின் தொடக்கக் காட்சியை அவ்வாறே மீண்டும் எடுத்துக் காட்டுதல். 'இது வெறும் ஈயடிச்சான் காப்பிதானே?' என்று கேட்பார் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணியிருந்தேன். மாணவர் சிலருக்குத் துணையாக இருந்து, 'சிட்டிசன் கேன்' படத்தின் தொடக்கத்தை எடுத்துப் பார்த்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

1941-இல் வெளிவந்த அமெரிக்கப் படம் அது. இயக்கியவர் ஆர்சன் வெல்ஸ்; ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட்; தொகுப்பு ராபர்ட் வைஸ். உள்ளே நுழையலாகாது என்று தடுக்கும் ஓர் அறிவிப்புப் பலகையோடு படம் தொடங்குகிறது. தடையைப் பொருட்படுத்தாமல் காமிரா வேலியின்மேல் ஏறுகிறது. இரும்பு வாயிலுக்கு அப்பால், குன்றின்மேல் ஒரு மாளிகை. அதிலே ஒளி வீசும் ஒற்றைச் சாளரம். பின்னர் குரங்குக் கூண்டும், நீரிற் கிடக்கும் படகுகளும், பராமரிப்பற்ற கோல்ப் மைதானமும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. ஒரு காட்சி மங்க மங்க, மற்றொன்று அதன்மீதே துலங்கும் இம்முறையைத் திரைத்தொழிலில் 'டிசால்வ்' என்பர்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. காட்சிகள் எத்தனை மாறினும், அச்சாளரத்தின் ஒளி மட்டும் திரையின் வலப்புற மேற்பகுதியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது. மாளிகை நீரில் தலைகீழாகத் தெரியும்போதும் அவ்விடம் மாறவில்லை. பலமுறை படம் பார்த்திருந்தும் நான் இதனைக் கவனித்ததில்லை. எடுக்கப் புகுந்தபோதுதான் கவனித்தேன்.

மாளிகைக்கு என் செய்வது என்று மாணவர்கள் மலைத்தார்கள். மூலப்படத்திலேயே அதன் பெரும்பகுதி ஓவியந்தான் என்று சொன்னதும் அவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அட்டையில் மாளிகை செய்து, துளையிட்டு, பின்னே ஒரு சிறு விளக்கை வைத்தார்கள். முதல்நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். சாளரம் தவளைபோல் இங்குமங்கும் தாவிற்று, எல்லாரும் சிரித்தோம். மறுநாள் கைப்பேசிக் காமிராவின் திரைமீது கண்ணாடித்தாள் ஒன்றை ஒட்டி, சாளரம் நிற்க வேண்டிய இடத்தில் மையால் ஒரு புள்ளி வைத்தோம். ஒவ்வொரு காட்சிக்கும் அப்புள்ளியிலேயே விளக்கொளி விழுமாறு காமிராவை நகர்த்தினோம். தாவல் நின்றது.

மற்றொரு பிழை தொகுப்பு மேசையில் வெளிப்பட்டது. ஒவ்வொரு காட்சியையும் கடிகாரத்தைப் பார்த்து 4 விநாடி மட்டுமே எடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டு காட்சிகள் 3 விநாடி கலந்து மாறவேண்டுமாயின், முன்னதன் இறுதியிலும் பின்னதன் முதலிலும் அந்த 3 விநாடிகள் தனியே இருக்க வேண்டும். 4 விநாடி தனித்து நின்று, இருபுறமும் 3 விநாடி கலக்கும் காட்சிக்குக் குறைந்தது 10 விநாடிப் பதிவு தேவை. காமிராவை முன்னதாகவே ஓடவிட்டு, தாமதமாக நிறுத்துங்கள் என்று தொகுப்பாளர்கள் வற்புறுத்துவது இதனாலேதான். எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

இறக்கும் கிழவரின் கையிலிருந்து கண்ணாடி உருண்டை விழுந்து உடைவது கதையில் நடுவே வருகிறது. எங்களிடம் இருந்ததோ ஒரே உருண்டை. நீரில் இடித்த முட்டையோட்டைப் பனியாகப் போட்டுச் செய்தது. ஆகையால் உடைவதைக் கடைசியில் எடுத்தோம். செவிலி அறைக்குள் வருவது உடைந்த கண்ணாடியின் வளைவில் தெரியவேண்டும். அதற்கு ஓர் எவர்சில்வர் கரண்டியின் முதுகு போதுமானதாயிற்று. ஆனால் குவிந்த பரப்பு எதிரே உள்ள அனைத்தையும் வாங்கிக் காட்டும். காமிராவும் தெரிந்தது, அதைப் பிடித்தவரின் மூக்கும் தெரிந்தது. கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு மீண்டும் எடுத்தோம்.

கிழவரின் முகம் மூடப்பட்டு, காட்சி இருண்டதும், மூலப்படத்தில் செய்திப்படம் ஒன்று பெருமுழக்கத்துடன் தொடங்குகிறது. மாணவர்கள் இடையே மேலும் 5 விநாடி இருட்டை வைத்திருந்தார்கள், இறந்தவருக்கு மரியாதையாம்! அதனை நீக்கிவிட்டு விடுதி மாணவர்க்குப் போட்டுக் காட்டினோம். முழக்கம் எழுந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.