ஒருமுறை கேட்ட விடை

கணினிக்கு வேலை வகுப்போர், அதனைச் சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரிடுவர். அக்கூறு சார்பு எனப்படும். பெயர் சொல்லி அழைத்தால் அது தன் வேலையை முடித்து ஒரு பெறுபேற்றைத் தரும். அப்பெறுபேற்றை மாறி என்னும் பெயரிட்ட பேழையில் இட்டுவைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்தாளலாம். அவ்வாறு வையாது, வேண்டிய இடந்தோறும் சார்பையே மறுபடி அழைக்கலாம். இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். ஆயின் ஒன்றல்ல.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் அமைத்த 'சீ' மொழியை நோக்குக. அதில் எழுத்துத்தொடரின் நீளம் எங்கும் குறிக்கப்படுவதில்லை. இறுதியில் ஒரு முடிவுக்குறி மட்டுமே உண்டு. ஆதலின் நீளங்கூறும் 'ஸ்டர்லென்' என்னும் சார்பு, கேட்குந்தோறும் முதலெழுத்திலிருந்து எண்ணியே விடையளிக்கும். 1,000 எழுத்துள்ள தொடரை ஒவ்வோர் எழுத்தாக ஆராயும் நிரல், அடிதோறும் நீளத்தைக் கேட்குமாயின், ஏறக்குறையப் 10 இலட்சம் முறை எண்ண நேரும். முதலிலேயே கேட்டு மாறியில் இட்டிருந்தால் எண்ணுதல் 1,000த்தோடு முடிந்திருக்கும். தொடர் பத்து மடங்கு நீண்டாலோ வீண்வேலை நூறு மடங்காகும். நிரலை இயந்திரமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பி சிலவேளை இதனைத் தானே திருத்துமெனினும், அதை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

இது ஏட்டுக் கணக்கன்று. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' என்னும் விளையாட்டின் இணைய வடிவம், ஒருவருடைய கணினியில் தொடங்குவதற்கே 6 நிமிடம் எடுத்தது. 2021இல் அவர் ஆராய்ந்தபோது, 10 மெகாபைட் அளவான பட்டியலின் ஒவ்வோர் உருப்படியை வாசிக்கும்போதும் எஞ்சிய நீளம் முழுவதும் புதிதாக எண்ணப்படுவது புலனாயிற்று. நீளத்தைச் சேமித்துவைத்து, வேறொரு குறையையும் நீக்கியபின், அந்நேரம் 1 நிமிடம் 50 செக்கனாகக் குறைந்தது.

காலவிரயத்தினும் கொடியது பிழையான விடை. பதிவேட்டு நிரலொன்று திகதியை ஒரு சார்பிடமும் மணியை இன்னொரு சார்பிடமும் கேட்பதாகக் கொள்வோம். திகதி கேட்டது 4ஆந் திகதி நள்ளிரவுக்கு ஒரு கணம் முன். மணி கேட்டது ஒரு கணம் பின். பதிவோ 4ஆந் திகதி அதிகாலை 12 மணி என அமையும். ஒருநாள் முழுதும் பின்தள்ளப்பட்டுவிடும். அக்கணத்தை ஒரேமுறை கேட்டு மாறியிலிட்டு, திகதியையும் மணியையும் அதிலிருந்தே பிரித்தெடுத்தல் வேண்டும்.

ஒரேமுறை பயன்படும் சிறு விடைக்குத் தனிப்பெயர் வேண்டியதில்லை. வாசிப்போனுக்கு அது சுமையே. சேமித்த விடை பழசாவதும் உண்டு. தொடரிலுள்ள வெற்றிடங்களை நீக்கிக்கொண்டே செல்லும் நிரலில், முதலிற் குறித்த நீளம் விரைவிற் பொய்யாகும்; நிரல் முடிவுக்குறியையும் தாண்டிப் பொருளற்ற எழுத்துக்களை வாசிக்கப் புகும். அங்கே மறுபடியும் கேட்டேயாகவேண்டும்.