பெயர் கேட்கப்படாத தாய்

நெற்றியில் கவலை படர, விரல்கள் கன்னத்தைத் தொட்டவாறு அமர்ந்திருக்கும் ஒரு தாயின் கறுப்பு வெள்ளைப் படத்தை வாசக சகோதரிகளுள் பலர் கண்டிருக்கக்கூடும். 1936 மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்டது அது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நிப்போமோ என்னும் ஊருக்கு அருகே, குளிரில் பட்டாணிப் பயிர் அழிந்துபோனதால் வேலையிழந்த கூலித் தொழிலாளர்கள் முகாமிட்டிருந்தனர். அரசுப் பணியாகப் படமெடுத்துவந்த டோரத்தியா லாங்கே, ஒருபுறம் திறந்த கூடாரத்தில் இத்தாயைக் கண்டார்.

கூடாரத் துணி நிழல் தர, திறந்த பக்கத்தில் வந்த வான்வெளிச்சமே அவருக்குப் போதுமானதாயிற்று. உச்சிவெயில் கண்குழிகளில் கரிய நிழலை வீழ்த்திவிடும். இவ்வொளியோ நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றையும் மென்மையாகக் காட்டியது. (முற்றத்தில் பிள்ளைகளைப் படமெடுப்போர் நடுவெயிலை விடுத்துத் தாழ்வாரத்து நிழலை நாடுவதும் இதனாலேயே.) தொலைவில் தொடங்கிப் படிப்படியாக நெருங்கிச் சில படங்கள் எடுத்தார் லாங்கே. புகழ்பெற்ற படத்தில் கைக்குழந்தை மடியில் கிடக்கிறது. இரு பிள்ளைகள் முகத்தைத் திருப்பித் தாயின் தோள்களில் சாய்ந்திருக்கின்றனர்.

படங்கள் நாளிதழில் வெளியானதும் அம்முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப்பொருள் அனுப்பப்பட்டது. அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது.

லாங்கே அத்தாயிடம் வயதைக் கேட்டார். 32 என்று அறிந்தார். பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ல்தான் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் நொந்து கூறினார். நொந்தது நியாயமே. அரசுப் படமாதலால் லாங்கேக்கும் அதனால் தனி வருமானம் இல்லை. எனினும் புகழ் அவருக்கு வந்தது.

1983-ல் தாம்சன் நோயுற்றபோது பிள்ளைகள் உதவி கோரினர். முன்பின் அறியாத மக்கள் கடிதங்களும் நன்கொடைகளும் அனுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.