சந்தையா, அரசா? சேர்வராயன் மலை தரும் பாடம்

பொருளாதார மேம்பாட்டை அரசே முன்னின்று நடத்த வேண்டும் என்பது ஒரு கொள்கை. சந்தையிடம் விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் இவ்விரண்டையும் கண்டுள்ளன.

1942ஆம் ஆண்டுச் சட்டப்படி, விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. வாரியம் அதை விற்றுத் தவணைகளாகப் பணம் அளித்தது. விளைவித்தவருக்குப் பாதுகாப்பு இருந்தது. தம் பொருளைத் தாமே விற்கும் உரிமை இல்லை. 1992 முதல் இக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விற்பனை முற்றிலும் தடையற்றதாயிற்று. ஆனால் வியட்நாம், பிரேசில் நாடுகளின் மிகை விளைச்சலால் 2001ஐ ஒட்டி உலக விலை சரிந்தபோது, உரிமை இருந்தது, பாதுகாப்பு இல்லை. கையிருப்பற்ற சிறு விவசாயிக்கே அச்சரிவு பெருஞ்சுமையாகும்.

இவ்விடத்தில், 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூனின் ‘முகத்திமா’ நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆட்சியாளர் வணிகத்தில் இறங்குவது குடிகளுக்கும் கருவூலத்துக்கும் கேடு என்கிறார் அவர். அவரே, அரசுதான் பெருஞ்சந்தை, அதன் செலவு சுருங்கினால் மற்றச் சந்தைகளும் சுருங்கும் என்றும் கூறுகிறார். இவை முரண்பட்டவை அல்ல என்பது நம் கருத்து. அரசு வணிகராக வேண்டியதில்லை. விலகி நிற்கவும் கூடாது. மலைப்பாதை, ஆராய்ச்சி, எளிய கடன், விலைச்சரிவில் கைகொடுத்தல் ஆகியவை அதன் கடமைகள். மலையாளிப் பழங்குடியினரின் சிறு தோட்டம் நிலைக்கிறதா என்பதே எக்கொள்கைக்கும் உரைகல்.