கடலில் அடிபட்டவனும் சர்க்காரின் கடமையும்

ஜெகதாப்பட்டினத்து மீனவன் ஒருவன் விசைப்படகில் நிலைதவறி வயிறு மோத விழுந்தால், வெளியே ஒரு கீறலும் இன்றியே உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்துவிடக்கூடும். வயிற்றுக்குள் தேங்கும் இரத்தம் கண்ணுக்குப் புலப்படாது. நாடி விரைந்து, மேனி குளிர்ந்து வியர்க்கும் பொழுதுதான் ஆபத்து தெரியவரும். கரையோ தூரம், கரையிலிருந்து புதுக்கோட்டையோ அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

முன்னாளில் இதற்குப் பரிகாரம் வயிற்றைக் கீறுவதே. மண்ணீரலை எடுத்துவிட்டால் உயிர் தப்பும். ஆனால் சில கொடிய தொற்றுகளுக்கு ஆயுள் முழுவதும் அஞ்சி வாழ வேண்டும். 1953ஆம் வருஷம் ஸ்வீடன் தேசத்து ஸெல்டிங்கர், ஊசித்துளை வழியே இரத்தக்குழாயினுள் மெல்லிய குழலைச் செலுத்தும் எளிய முறையை வெளியிட்டார். 1981இல் நியூயார்க்கின் ஸ்கிளாபானி, அவ்வழியே அடிபட்ட மண்ணீரலின் இரத்தப்பெருக்கை நிறுத்தலாம் என்று எழுதினார். தொடையிடுக்கில் ஒரு துளை. எக்ஸ்ரே துணைகொண்டு குழலை உரிய கிளைக்குச் செலுத்தி, ஜெலாட்டின் பஞ்சையோ உலோகச் சுருளையோ வைத்து அடைக்கிறார்கள். வயிறும் கீறப்படுவதில்லை, மண்ணீரலும் பெரும்பாலும் பிழைக்கிறது.

எல்லோருக்கும் இது ஏற்றதன்று. இரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிலைபெறாதவனுக்கு உடனே ரண சிகிச்சையே கதி. ஆதலின் ஸ்கேன், இரத்த வங்கி, குழல் செலுத்தும் நிபுணர், ரண வைத்தியர் ஆகிய நான்கும் இரவும் பகலும் ஒரே இடத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இது பட்டணத்து ஆடம்பரம் என்பார் உளர். உழைத்துண்பவனுக்கு அவன் உடலே மூலதனம்; அது பழுதின்றி மீள்வது ஆடம்பரமாகுமா?

2021 டிசம்பரில் தமிழக சர்க்கார் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் அது சாலை விபத்துக்கென்றே வகுக்கப்பட்டது. சாலையில் சிந்தும் இரத்தத்திற்கு ஒரு நீதி, கடலில் சிந்தும் இரத்தத்திற்கு வேறொரு நீதியா?

அத்திட்டம் கடல் விபத்துகளுக்கும் விரிய வேண்டும். கடலோர ஜில்லாக்களின் மருத்துவக் கல்லூரிகளில் இச்சிகிச்சை எந்நேரமும் கிடைக்க வேண்டும். அடிபட்டவனை எங்கே கொண்டுசெல்வது என்பது படகு கரைசேருமுன்னரே தீர்மானமாகியிருக்க வேண்டும். ஊழியர்களும் மீனவர் சங்கத்தாரும் இக்கோரிக்கைகளைச் சட்டசபை வரை கொண்டுசெல்வார்களாக. வயிற்றுக்குள் பெருகும் இரத்தம் மனுவின் மீது உத்தரவு வரும்வரை காத்திராது.