அடியெண்ணும் யந்திரத்தின் சாட்சியம்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து எல்லிங்டன் என்னும் சிற்றூரில், 2015 டிசம்பர் 23-ஆம் தேதி காலையில், முகமூடியணிந்த அந்நியன் ஒருவன் வீடு புகுந்து, உடற்பயிற்சிக்குச் சென்று திரும்பிய தம் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக ஒருவர் போலீசாரிடம் வாக்குமூலம் கொடுத்தார். நேரில் கண்ட சாட்சி எவரும் இலர். ஆயினும் அந்த அம்மையார் அணிந்திருந்த ஃபிட்பிட் என்னும் சிறு யந்திரம், கணவர் சொன்ன கணக்குப்படி அவர் உயிர் நீத்திருக்க வேண்டிய வேளைக்குப் பின்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் நடமாடியதைக் குறித்து வைத்திருந்தது.

இந்த யந்திரத்துக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அதனுள் இருக்கும் முடுக்கமானியில், சிலிக்கனில் செதுக்கிய மிக நுண்ணிய எடைத்துண்டு ஒன்று மெல்லிய வில்களில் தொங்கிக்கொண்டு, உடல் அசையுந்தோறும் தன் நிலையினின்று இம்மியளவு விலக, அவ்விலக்கம் மின் அளவாக மாறி, மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு என்னும் மூன்று திசைகளிலும் விநாடிக்குப் பலமுறை பதிவாகிறது.

நம் தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் வகுத்த பாகுபாட்டை இங்கே மறக்கலாகாது. இன்ன நிமிஷத்தில் அசைவு நேர்ந்தது என்பதே யந்திரத்தின் பிரத்தியட்சம். அவ்வசைவு ஒரு காலடி என்பதும், அணிந்தவரின் உயரத்தைக் கொண்டு மதிப்பிட்ட நடையளவால் காலடிகளைப் பெருக்கிப் பெற்ற தூரமும் அனுமானங்களே. யந்திரத்தை மணிக்கட்டில் அணிந்து, கைக்குழந்தையின் வண்டியைப் பிடித்துத் தள்ளிச் செல்பவருடைய கை அசையாதிருப்பதால், அவர் நடந்த நடையை அது எண்ணாமலே விட்டுவிடக்கூடும்.

எல்லிங்டன் வழக்கில் அத்தகைய பிழைக்குத் தாராளமாக இடங்கொடுத்தாலும் கணவரின் கதை நிற்கவில்லை. அவர் கூற்றுப்படி அம்மையார் நடந்திருக்கக் கூடிய தூரம் 40 மீட்டருக்கும் குறைவு, யந்திரம் காட்டியதோ சுமார் 370 மீட்டர். அதே நேரத்தில் அம்மையார் ஃபேஸ்புக்கில் பதிவிட்டிருந்ததும் இதனோடு பொருந்திற்று. 2022-இல் கணவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 65 ஆண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

விஸ்கான்ஸின் மாநிலத்தில் இதே வகை யந்திரம் ஒருவரைக் காத்தது. 2016-இல் தம் காதலி கொலையுண்ட இரவில் அவர் பத்துப் பன்னிரண்டு அடிகளே நடந்திருந்தார் என்று அது காட்ட, அவர்மேல் விழுந்த சந்தேகம் நீங்கியது. பிறிதொருவர் தண்டனை பெற்றார். அவ்வழக்கில், காலடிக் கணக்கை நிபுணரின் விளக்கமின்றியே ஏற்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது எனக்கு உடன்பாடாக இல்லை. ஒரு மனிதரின் ஆயுள் முழுதும் அக்கணக்கைப் பொறுத்து நிற்கையில், எது பதிவு, எது மதிப்பீடு என்று ஜூரிகளுக்குப் பிரித்துக் காட்ட, அந்த யந்திரத்தை அறிந்த ஒருவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டே ஆகவேண்டும்.