வாபஸ் வாங்குவதற்கு முன்

"கேஸை வாபஸ் வாங்கிட்டு மறுபடி போட்டுக்கலாம்." கோர்ட் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. போடலாம்தான், 'புதிதாக வழக்குத் தொடர அனுமதி' என்று உத்தரவில் இருந்தால்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் (1908), கட்டளை 23, விதி 1 வாதிக்கு வாபஸ் பெறும் உரிமையைத் தருகிறது. அதன் 4-ஆம் உட்பிரிவில்தான் ஆபத்து: அனுமதியின்றி வாபஸ் பெற்றவர் அதே விவகாரத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. எதிராளியின் செலவுத்தொகையும் தலையில் விழலாம். "வழக்கை நடத்த விரும்பவில்லை" என்று வக்கீல் எழுதிய ஒற்றை வரிக்குக் கீழே யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

முறைக்குறையால் வழக்கு தோற்றே தீரும் என்றாலோ, வேறு போதிய காரணம் இருந்தாலோ அனுமதி கிடைக்கும். உதாரணமாக, அரசு மீது வழக்குப் போடுமுன் பிரிவு 80-இன்படி இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அதைத் தராமல் போட்ட பிராதை எத்தனை திருத்தினாலும் பயனில்லை. ஆனால் சர்வே நம்பர் பிழை போன்றவற்றுக்குத் திருத்த மனுவே போதும். முதலில் அதைக் கேளுங்கள். சாட்சி சொதப்பிவிட்டார், தோற்றுவிடுவோம் போலிருக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இரண்டாம் மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்றம் தந்த அனுமதியை உச்ச நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது.

வாபஸ் மனுவில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: அனுமதி மறுக்கப்பட்டால் இதே வழக்கைத் தொடர்ந்து நடத்துகிறேன். வாதிகள் பலர் என்றால், மற்றவர்கள் சம்மதமின்றி ஒருவருக்கு மட்டும் அனுமதி தர மாட்டார்கள்.

அனுமதி கிடைத்தாலும் காலக்கெடு காத்திருக்காது. விதி 2-இன்படி, முதல் வழக்கே போடாதது போலத்தான் நாள் கணக்கு. கடன் வசூலுக்குக் கெடு பொதுவாக 3 ஆண்டு. வழக்கு கோர்ட்டிலேயே 4 ஆண்டு கிடந்திருந்தால் அனுமதி வெறும் காகிதம். அதிகார வரம்பு இல்லாத கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு போட்டு, அந்தக் குறைக்காகவே அனுமதி பெற்றவருக்கு, விதிவிலக்காக, காலவரையறைச் சட்டம் பிரிவு 14 அந்த நாட்களைக் கழித்துத் தரும். செலவுத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், புது வழக்குக்கு முன்பே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தவறாக வாபஸ் ஆகிவிட்டதா? உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 151-இன் கீழ் அந்த உத்தரவைத் திரும்பப் பெறக் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2006-இல் இதை ஏற்றிருக்கிறது. தாமதிக்காமல் மனுப் போடுங்கள், தவறு எப்படி நேர்ந்தது என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.