ஆர்னெல் பினேடா

ஆர்னெல் பினேடா (பிறப்பு: செப்டம்பர் 5, 1967) பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாடகர் ஆவார். 1973 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஜர்னி ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகராக 2007 முதல் இருந்து வருகிறார்.

இளமை

மணிலாவில் பிறந்த இவர் 13 வயதில் தாயை இழந்தார். குடும்பம் கடனில் மூழ்கியதால் சில காலம் தெருவில் தங்கி, பழைய தாள்களும் புட்டிகளும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார். பின்னர் உள்ளூர் இசைக்குழுக்களில் பாடினார்.

ஜர்னியில் இணைதல்

2007 இல் ஜர்னியின் கித்தார் கலைஞர் நீல் ஷோன் புதிய பாடகரைத் தேடினார். பினேடா பாடிய காணொளிகளை யூடியூபில் கண்டு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அக்காணொளிகளைப் பதிவேற்றியவர் பினேடாவின் இரசிகரும் நண்பருமான ஒருவர். மின்னஞ்சலை யாரோ செய்யும் கேலி என்றே பினேடா முதலில் எண்ணினார்.

இரசிகர்களின் வரவேற்பு

முன்னாள் பாடகர் ஸ்டீவ் பெரியின் உச்சக்குரலே ஜர்னியின் அடையாளமாக இருந்தது. எனவே பினேடா அவரைப் போலப் பாடுபவர் மட்டுமே எனச் சிலர் குறை கூறினர். ஆசியர் என்பதால் எதிர்த்தவர்களும் இருந்தனர். ஆயினும் 2008 இல் வெளியான 'ரெவலேஷன்' தொகுப்பு பில்போர்டு 200 பட்டியலில் 5 ஆம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் வாழும் பிலிப்பினோக்களும் கச்சேரிகளுக்குத் திரண்டு வந்தனர்.

2017 இல் ராக் அண்டு ரோல் புகழ்மன்றத்தில் ஜர்னி சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்ட உறுப்பினர்களில் பினேடா இல்லை. எனினும் விழா மேடையில் அவரே பாடினார். ஸ்டீவ் பெரி தம் உரையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.